கல்லூரி டீமிலும் ஆட வேண்டும், அரியரும் விழக் கூடாது: கடலூர், புதுச்சேரி பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

நவம்பர் தேர்வுக்கு ரிசல்ட் வரும் வாரத்தில் கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் மாலை நேரம் போய் நின்றால், அதுவரை தினமும் வந்துகொண்டிருந்த இரண்டு மூன்று பேரைக் காணோம் என்பது உடனே தெரியும். விசாரித்தால் எப்போதும் ஒரே பதில்தான்: "அவனுக்கு மூணு அரியர்ணா, இனிமே கிரவுண்டு பக்கமே போகக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டாங்க." யுனிவர்சிட்டி டீமில் ஆடக்கூடிய பையன், இல்லையென்றால் பெண். அப்படியே நின்றுவிடுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன். நானும் கல்லூரிக்காக வாலிபால் ஆடியவன். இப்போதும் பசங்களோடுதான் மாலையில் நிற்கிறேன்.

நேரம் போதவில்லை என்றுதான் எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி எடுப்பதால் யார் படிப்பும் கெடுவதில்லை, மற்ற பிள்ளைகள் அதே இரண்டு மணி நேரத்தை போனில்தான் போக்குகிறார்கள். கெடுப்பது அக்டோபரிலிருந்து ஜனவரி வரையிலான சில வாரங்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, செலக்‌ஷன், பயிற்சி முகாம், தென்மண்டலப் போட்டி எல்லாம் வந்து விழும் அதே வாரங்களில்தான் இன்டர்னல், பிராக்டிகல், செமஸ்டர் தேர்வும் வந்து விழும், போதாக்குறைக்கு நம்ம ஊரில் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். இது எதிர்பாராமல் வருவது இல்லை, வருஷா வருஷம் இப்படித்தான் வருகிறது. ஆனால் துறைத் தலைவர் கல்லூரிக் காலண்டரைப் பார்க்கிறார், பி.டி. சார் போட்டி அட்டவணையைப் பார்க்கிறார், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள்தான். அதை ஜூலையிலேயே எப்படிச் செய்வது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இரண்டு காலண்டரையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும். ஒரு பெரிய சார்ட் தாள் எடுத்து ஜூலையிலிருந்து ஏப்ரல் வரை வாரம் வாரமாகக் கோடு போடுங்கள். மேல் வரிசையில் கல்லூரிக் காலண்டரில் உள்ளதை எழுதுங்கள்: முதல் இன்டர்னல், இரண்டாம் இன்டர்னல், பிராக்டிகல் வாரம், ரெக்கார்டு நோட்டு கையெழுத்துக்கான கடைசி நாள், செமஸ்டர் தேர்வு தொடங்கும் தேதி. கீழ் வரிசையில் விளையாட்டு. தேதி இன்னும் வந்திருக்காது, பரவாயில்லை, போன வருஷம் எந்த வாரத்தில் நடந்தது என்று சீனியரிடமோ பி.டி. சாரிடமோ கேட்டு பென்சிலால் எழுதுங்கள்.

போட்டிகள் எந்த வரிசையில் நடக்கும் என்பது முதல் வருஷப் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. முதலில் உங்கள் பல்கலைக்கழகத்துக்குட்பட்ட கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும். அதில் நன்றாக ஆடியவர்களைச் செலக்‌ஷனுக்குக் கூப்பிடுவார்கள், பிறகு முகாம் நடக்கும். அந்த டீம்தான் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும், மண்டலத்தில் முன்னணியில் வரும் டீம்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கும் இந்தப் போட்டிகளில் வாங்கிய இடத்தை வைத்துத்தான் தகுதி. கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம், புதுச்சேரியில் கலைக் கல்லூரி என்றால் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம். முகாம் எந்த ஊரில் நடக்கும், தினமும் போய்வர முடியுமா, தங்க வேண்டுமா என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "பேசாம கரஸ்ல சேர்ந்துடு, நாள் பூரா பிராக்டிஸ் பண்ணலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ரெகுலர் மாணவர்கள்தான் ஆட முடியும். தொலைநிலைக் கல்விக்கு மாறினால் நீங்கள் எதற்காக மாறினீர்களோ அந்த டீமிலேயே இடம் இருக்காது.

படி 2: வருகைப் பதிவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பெரும்பாலான கல்லூரிகளில் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள். அப்படியானால் 68 நாள் இருந்தே ஆக வேண்டும், விடக்கூடியது 22 நாள்தான். இப்போது விளையாட்டுக் கணக்கு. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு 3 நாள், முகாம் 10 நாள், தென்மண்டலப் போட்டி பயணத்தோடு 8 நாள், அகில இந்தியப் போட்டி பயணத்தோடு 8 நாள் என்று வையுங்கள். மொத்தம் 29. இது எல்லாம் ஒரே செமஸ்டரில் விழுந்து, ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது ஆடப் போன நாட்களையும் வருகையாகக் கணக்கில் எடுப்பது) எதுவும் ஏறாமல் போனால் உங்கள் வருகை 61 நாள், 68 சதவீதம்கூட இல்லை. காய்ச்சலுக்கு, அக்கா கல்யாணத்துக்கு என்று விட்ட நாட்களை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதனால் ஒரு கண்டிப்பான விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் சும்மா லீவு கிடையாது. மாதத்துக்கு ஒன்று, தவிர்க்கவே முடியாவிட்டால். சினிமாவுக்கு கட் அடிப்பது மற்றவர்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம், உங்களுக்கு அந்த ஒரு நாள் அரையிறுதி நாள். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் பணம் கட்டி கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) வாங்கலாம் என்பதை நம்பி யாரும் இறங்க வேண்டாம், அது முதல்வரின் ஒப்புதலைப் பொறுத்தது. பொறியியல் கல்லூரிகளில் பாடம் பாடமாக, மணி நேரக் கணக்கில் பார்ப்பார்கள். அங்கே வாரத்துக்கு மூன்று மணி நேரமே வரும் பாடம்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும்.

படி 3: ஓ.டி. தானாக ஏறாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "சார் பார்த்துப்பாரு" என்று நம்பி டோர்னமென்ட் போய்விட்டு வந்து, செமஸ்டர் கடைசியில் வருகை குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டிய பிறகு ஓடுகிற பிள்ளைகள்தான் அதிகம். பி.டி. சார் ஒருவர், அவருக்கு ஐம்பது அறுபது பேர், பத்து விளையாட்டு. அவர் உங்களை மறக்க வேண்டும் என்று நினைப்பதில்லை, ஆனால் உங்கள் வகுப்புப் பதிவேட்டில் குறிப்பது அவர் வேலையும் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போட்டிக்கான கடிதமோ சுற்றறிக்கையோ வந்த அன்றே பி.டி. சாரிடம் நகல் வாங்குங்கள். ஓ.டி. படிவத்தில் தேதிகளை எழுதி, அவர் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, கல்லூரியில் முறை இருந்தால் முதல்வர் கையெழுத்து வரை கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், கையெழுத்தானதை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பி வந்த மறுநாளே பங்கேற்புச் சான்றின் நகலை இணைத்து அலுவலகத்தில் கொடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை வகுப்பு ஆசிரியரிடம் போய், "மேடம், எனக்கு ஓ.டி. ஏறியிருக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முகாம் நாட்களுக்கும் பயண நாட்களுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். போட்டி நாட்களுக்கு மட்டும் ஓ.டி. போட்டு முகாமை விட்டுவிடுவது ரொம்ப சகஜம், அது 10 நாள் என்பதை மறக்காதீர்கள்.

படி 4: ஆசிரியர்களை முன்கூட்டியே பாருங்கள்

ஆகஸ்டிலேயே, எந்தப் போட்டியும் இல்லாதபோது, ஒவ்வொரு பாட ஆசிரியரையும் ஒருமுறை தனியாகப் பாருங்கள். என்ன விளையாட்டு, எந்த மாதங்களில் போக வேண்டியிருக்கும், விட்டுப்போகும் இன்டர்னலுக்கு மறுதேர்வு கிடைக்குமா என்று கேளுங்கள். எதுவும் கேட்பதற்கு முன் அவர்கள் வகுப்பில் முதல் இரண்டு பெஞ்சுக்குள் ஒரு மாதம் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் உங்களுக்கான சிபாரிசு. விளையாட்டுப் பிள்ளை என்றாலே வகுப்புக்கு வராதவன் என்று ஒரு எண்ணம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. அது முந்தைய பேட்ச் செய்துவிட்டுப் போனதாகக்கூட இருக்கலாம், இருந்தாலும் மாற்ற வேண்டியது நீங்கள்தான்.

வகுப்பில் இரண்டு நண்பர்களையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் தியரிக்கு, ஒருவர் லேபுக்கு. ஒருவரையே நம்பினால் அவருக்கு டெங்கு வந்தால் உங்களுக்கும் நோட்ஸ் கிடையாது. தினமும் சாயந்திரம் கரும்பலகையை ஒரு போட்டோ, அன்றைக்கு என்ன தலைப்பு என்று ஒரு வரி, அவ்வளவு போதும். ஊரில் இருக்கும் மாதங்களில் அவர்களுக்கு நீங்களும் ஏதாவது செய்ய வேண்டும், ரெக்கார்டில் படம் வரைந்து கொடுப்பதாவது.

படி 5: படிப்பை முன்னால் தள்ளுங்கள்

நம் கலை அறிவியல் பாடத்திட்டம் பெரும்பாலும் ஐந்து யூனிட். பல பல்கலைக்கழகங்களில் வெளித்தேர்வு 75, இன்டர்னல் 25. அந்த 75-ம் பத்து இரண்டு மதிப்பெண் கேள்வி, ஐந்து ஐந்து மதிப்பெண் கேள்வி, மூன்று பத்து மதிப்பெண் கேள்வி என்றுதான் பல இடங்களில் பிரியும். உங்கள் பல்கலைக்கழகத்தில் எப்படி என்று பழைய வினாத்தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

செப்டம்பர் முடிவதற்குள் எல்லாப் பாடத்திலும் முதல் இரண்டு யூனிட் முழுசாக முடிந்திருக்க வேண்டும், மூன்றாவது யூனிட்டை ஒருமுறை வாசித்திருக்க வேண்டும். வகுப்பில் நடத்தியதைத் தாண்டி நீங்களே முன்னால் போக வேண்டியிருக்கும், சில பாடங்களில் அது கஷ்டம்தான். ஆனால் முதல் இன்டர்னல் பெரும்பாலும் அந்த இரண்டு யூனிட்டிலிருந்துதான் வரும், அதில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டால் இரண்டாவது இன்டர்னல் சமயத்தில் முகாமில் இருந்தாலும் பதற்றம் குறையும். கணக்கு, புள்ளியியல், கணக்கியல் மாதிரி பாடங்களைத்தான் முதலில் முன்னால் தள்ள வேண்டும், ஏனென்றால் அவற்றை ரயிலில் உட்கார்ந்து நீங்களாகவே கற்றுக்கொள்ள முடியாது. தமிழ், வரலாறு, மேலாண்மை போன்ற வாசித்தால் புரியும் பாடங்களைப் பயணத்துக்கு மிச்சம் வையுங்கள்.

அறிவியல் பிள்ளைகளுக்கு லேப்தான் பெரிய தலைவலி. விட்ட தியரி வகுப்பை நோட்ஸ் வாங்கிப் படித்துவிடலாம், விட்ட சோதனையை யாரும் உங்களுக்காகச் செய்து தர முடியாது. வேறு பேட்ச் எந்த நாளில் லேபுக்கு வருகிறது என்று தெரிந்துகொண்டு, போவதற்கு முந்தைய வாரமே அவர்களோடு சேர்ந்து அந்தச் சோதனையைச் செய்ய அனுமதி கேளுங்கள். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

படி 6: ஒரு சாதாரண நாளை அமைப்பது

ஷிப்ட் முறை உள்ள கல்லூரியில் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் முதல் ஷிப்ட் எடுங்கள். மாலைப் பயிற்சிக்கு முன்னால் உங்களுக்கென்று இரண்டு மணி நேரம் மிஞ்சும், படிப்பதற்கு அந்த இரண்டு மணி நேரம்தான் தங்கம். நல்லா ஓடி, குளித்து, சாப்பிட்ட பிறகு ராத்திரி ஒன்பதரைக்குப் புத்தகம் எடுத்தால் பத்தே நிமிஷத்தில் கண் சொருகும், அது சோம்பேறித்தனம் இல்லை, உடம்பு அப்படி. எனவே மனப்பாடம், கணக்கு, புரிந்து படிக்க வேண்டியது எல்லாம் பயிற்சிக்கு முன்னால். ராத்திரிக்கு ரெக்கார்டு எழுதுவது, படம் வரைவது, அசைன்மென்ட் காப்பி பண்ணுவது மாதிரி கை வேலை.

நவம்பரில் இங்கே 5.40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். நாலரை மணிக்குக் கல்லூரி விட்டு, பஸ் பிடித்து மைதானத்துக்கு வருவதற்குள் வெளிச்சத்தில் அரை மணி நேரம்தான் மிச்சம். அதனால் செப்டம்பரிலிருந்தே உடற்பயிற்சி, ஓட்டம் எல்லாவற்றையும் காலைக்கு மாற்றிவிட்டு, மாலை வெளிச்சத்தைப் பந்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. தேவனாம்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்குச் சில்வர் பீச் மணல் இருக்கிறது, லாஸ்பேட்டைப் பிள்ளைகளுக்கு ஹெலிபேட் மைதானம் இருக்கிறது, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை. காலை ஓட்டத்துக்கு வேறு என்ன வேண்டும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்ப் படிப்பவர்கள் நிறையப் பேர். முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போகும் பஸ்ஸில் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் ஆகும். உட்கார இடம் கிடைத்தால் இரண்டு மதிப்பெண் கேள்விகளை அதில்தான் படிக்க வேண்டும். கிடைக்காவிட்டால், வீட்டில் உங்கள் குரலிலேயே படித்துப் பதிவு செய்ததைக் காதில் போட்டுக் கேளுங்கள், நன்றாகவே வேலை செய்கிறது.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். 18-லிருந்து 25 வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். காலை ஐந்துக்கு எழுபவர் பத்து மணிக்குப் படுத்தாக வேண்டும், அவ்வளவுதான். தேர்வுக்காக ராத்திரி முழுக்க விழித்துவிட்டு மறுநாள் கபடி ஆடப் போவது முட்டியை உடைத்துக்கொள்ள நல்ல வழி.

சாப்பாட்டில் நம்ம பிள்ளைகள் சோறு போதுமான அளவு சாப்பிடுகிறார்கள், புரதம்தான் பத்துவதில்லை. நன்றாகப் பயிற்சி எடுப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும், 60 கிலோ பையனுக்கு 72 கிராம். காலையில் இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் வந்துவிடும், சாயந்திரம் கொண்டைக்கடலைச் சுண்டல், வேர்க்கடலை, ராத்திரி மீன் கிடைத்தால் மீன், தயிர். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஜிம்மில் டப்பா வாங்க வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது, தேசிய அளவுப் போட்டியில் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் மட்டும்தான். சளிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரையிலும் கவனம் வேண்டும். சூடோஎபெட்ரின், ஸ்டீராய்டு மாத்திரைகள் போட்டி நாட்களில் சிக்கலாகும். டாக்டரிடம் போகும்போதே "நான் யுனிவர்சிட்டி பிளேயர்" என்று சொல்லிவிடுங்கள்.

படி 7: முகாமும் பயணமும்

முகாமில் காலையும் மாலையும் பயிற்சி இருக்கும், நடுவில் பதினொன்றிலிருந்து மூன்று வரை எல்லோரும் தூங்குவார்கள். அதில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம், உடம்புக்கும் ஓய்வு வேண்டும். புத்தக மூட்டை எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப் போன யாரும் பிரித்து நான் பார்த்ததில்லை. ஐந்து வருஷ வினாத்தாள், பாடத்துக்கு ஒரு மெல்லிய நோட்டு, இது போதும். ரயிலில் டீமில் உங்கள் துறைப் பிள்ளை ஒருவர் இருந்தால் பக்கத்து பெர்த் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒருவர் கேள்வி கேட்டு ஒருவர் பதில் சொன்னால் இரண்டு யூனிட் விழுப்புரத்திலிருந்து பாலக்காடு போவதற்குள் முடிந்துவிடும். போட்டி நாளில் படிக்க வேண்டாம். தோற்று வெளியே வந்த நாளில் இருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

படி 8: தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால்

இது வரும். பதறாமல் எந்தத் தேர்வு என்று முதலில் பாருங்கள். இன்டர்னல் என்றால் ஆசிரியர் கையில் இருக்கிறது, ஆகஸ்டில் பேசி வைத்தது இங்கே உதவும். பிராக்டிகல் என்றால் துறைத் தலைவரிடம் ஓ.டி. கடிதத்தோடு போய் வேறு பேட்சுக்கோ வேறு தேதிக்கோ மாற்றக் கேட்கலாம், நேரத்தோடு கேட்டால் பெரும்பாலும் நடக்கும். செமஸ்டர் தியரி என்றால் நிலைமை வேறு. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறார், முதல்வர் வழியாகச் சிறப்புத் தேர்வு கேட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரி என்றால் தேதி உங்கள் ஒருவருக்காக மாறாது. பல்கலைக்கழகத்துக்காகவே ஆடப் போகிறீர்கள் என்பதால் விளையாட்டுத் துறை வழியாகத் தனித் தேர்வுக்கு எழுதிக் கேட்கலாம், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி ரயில் ஏற வேண்டாம்.

எழுத்தில் எதுவும் கிடைக்காவிட்டால்? ஒரு பேப்பர் மட்டும் போகிறது, அது அடுத்த முறை எழுதி எடுத்துவிடக்கூடிய பாடம், நீங்கள் டீமில் கட்டாயம் ஆடப்போகும் ஆள் என்றால், நான் போகச் சொல்வேன். கடைசி செமஸ்டர், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், பெஞ்சில்தான் உட்காரப் போகிறோம் என்றால் தேர்வு எழுதுங்கள். வீட்டில் உட்கார்ந்து பேசி, நீங்களே எடுத்த முடிவாக இருக்கட்டும்.

படி 9: மழை மாதங்கள்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது என்ன ஆனது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். புதுச்சேரி மிதந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. கல்லூரிகள் மூடின, தேர்வுகள் தள்ளிப்போயின. அவ்வளவு பெரிய புயல் இல்லாவிட்டாலும் நவம்பர், டிசம்பரில் மழை லீவு இல்லாத வருஷமே கிடையாது. அப்படித் தள்ளிப்போன தேர்வு எங்கே வந்து விழும்? நீங்கள் காலி என்று நினைத்திருந்த, தென்மண்டலப் போட்டி இருக்கும் வாரத்தில். அதனால் அந்தச் சார்ட்டில் டிசம்பர் முதல் மூன்று வாரத்தைக் காலி என்று நினைக்கவே கூடாது.

மழை லீவை ஈடுகட்டச் சனிக்கிழமை கல்லூரி வைப்பார்கள், அந்தச் சனிக்கிழமைதான் நம்ம மேட்ச் இருக்கும். அதற்கும் ஓ.டி. கேட்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லை தாண்டிப் படிப்பவர்களுக்கு இன்னொன்று: கடலூரில் கலெக்டர் லீவு விட்டால் அது புதுச்சேரிக் கல்லூரிக்குப் பொருந்தாது, அங்கே தனியாக அறிவிப்பார்கள். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், அங்கே விடுமுறை, கடலூரில் வேலை நாள். மைதானத்தில் தண்ணீர் நிற்கும் நாட்கள்தான் உங்களுக்குப் படிக்கக் கிடைக்கும் நாட்கள், வீட்டில் ஸ்குவாட், பிளாங்க் அரை மணி நேரம், மிச்ச நேரம் மூன்றாவது, நான்காவது யூனிட்.

படி 10: பொங்கல் டோர்னமென்ட்

தை பிறந்தால் நம்ம பக்கம் ஊருக்கு ஊர் கபடி, வாலிபால், கிரிக்கெட். நைட் மேட்ச், லைட்டு, மைக்செட், பரிசுப் பணம். யுனிவர்சிட்டிக்கு ஆடுபவர் என்று தெரிந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி அனுப்பி, காசு கொடுத்துக் கூப்பிடுவார்கள். சொந்த ஊருக்கு ஆடுங்கள், அதை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அந்த மைதானத்தில்தானே நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். ஆனால் மூன்று ராத்திரி மூன்று ஊருக்கு ஆடுவது வேண்டாம். சமன் செய்யாத தரை, விடிய விடிய கண் விழிப்பு, முதலுதவிக்கு ஐஸ்கூட இருக்காது. அகில இந்தியப் போட்டி அடுத்த மாதம் இருக்கும்போது ஆயிரம் ரூபாய்க்காகக் கணுக்காலைக் கொடுக்காதீர்கள். காசுக்கு உண்மையிலேயே தேவை இருந்தால் பி.டி. சாரிடம் சொல்லுங்கள், ஷூ, கட்டணச் சலுகை என்று ஏதாவது வழி அவருக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் பேசுவது

அப்பா அம்மாவுக்குப் பயம் படிப்பைப் பற்றி மட்டும் இல்லை. அந்தச் சார்ட்டை வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். எப்போது எங்கே போகப்போகிறீர்கள், எப்போது தேர்வு என்று அவர்களுக்கும் தெரிந்தால் பாதி சண்டை வராது. பி.டி. சார் எண்ணை அம்மா போனில் பதிந்து வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம், அதைத் தெரிந்தே சொல்கிறேன். இருட்டிய பிறகு பஸ் ஸ்டாண்டில் நிற்பது, ஹாஸ்டல் கேட் மூடும் நேரம், "பொண்ணு எதுக்கு வெளியூர் போகணும்" என்று கேட்கும் மாமா. ஒரே பக்கம் வீடு திரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்து சேர்ந்து போவதும், ஹாஸ்டல் வார்டனிடம் சீசன் முழுமைக்கும் ஒரே கடிதமாக முன்கூட்டியே கொடுப்பதும் உதவும். வெளியூர் டீமோடு ஒரு பெண் மேலாளரோ ஆசிரியையோ வருவாரா என்று கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள். எப்போதும் களைப்பாக, படிக்க உட்கார்ந்தாலே தலை சுற்றுவதாக இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இரத்தசோகையை வைத்துக்கொண்டு "எனக்குப் படிப்பும் வரலை, ஆட்டமும் வரலை" என்று அழும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

காயம் பட்டால்

கணுக்கால் சுளுக்கோ விரல் முறிவோ, முதல் நாளே அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டி, எழுத்தில் சான்று வாங்குங்கள். எழுதும் கை விரல் முறிந்து தேர்வு பக்கத்தில் இருந்தால் மருத்துவச் சான்றோடு தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் எழுத்தர் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம், கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஓய்வில் இருக்கும் வாரங்களில் நான்காவது, ஐந்தாவது யூனிட்டை முடித்துவிடுங்கள், திரும்பி மைதானத்துக்கு வரும்போது அந்தச் சுமை இருக்காது.

கடைசிப் படி: சான்றிதழ்கள்

ஆடியதெல்லாம் தாளில் இருந்தால்தான் வேலைக்கு உதவும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே, அஞ்சல், வருமான வரி என்று மத்திய அரசுத் துறைகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. மத்திய அரசு வேலைக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்கள் படிவம் 3 கொடுக்க வேண்டும், அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பு அதிகாரி கையெழுத்திட வேண்டும். படித்து முடித்து நான்கு வருஷம் கழித்து அதைத் தேடிப் போனால் அதிகாரி மாறியிருப்பார், பழைய கோப்பு எந்த பீரோவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டி.சி. வாங்குவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.

பெயரைச் சரிபாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், விளையாட்டுச் சான்றில் இன்ஷியலே இருக்காது. இந்த மூன்றும் மூன்று ஆட்கள் மாதிரி தெரிந்தால் சரிபார்ப்பின்போது அலைய வைப்பார்கள். தகுதிப் படிவம் நிரப்பும் அன்றே பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளபடி, அதே எழுத்துகளில் கொடுங்கள். சான்றிதழ் கையில் வந்ததும் மேடையிலிருந்து இறங்கும் முன்பே பெயர், கல்லூரி, வருஷம், வாங்கிய இடம் நான்கையும் படித்துப் பாருங்கள், தப்பு இருந்தால் போட்டி நடத்துபவர்கள் அங்கேயே இருக்கும்போது திருத்தி வாங்குங்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அசல், போனில் ஸ்கேன், வீட்டில் ஒரு ஜெராக்ஸ் செட். அசலை லேமினேட் மட்டும் செய்ய வேண்டாம், பின்னால் சான்றொப்பமோ முத்திரையோ வைக்க வேண்டியிருந்தால் முடியாது.